இரண்டாவது சீட்டு

நல்ல காகிதத்துக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். இதை உங்கள் புத்தகத்தில் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். கோல்ட்புரூக் ஆற்றில் இரும்புச்சத்து கிடையாது. அதனால்தான் என் அப்பா இந்தக் கரையில் ஆலை கட்டினார். மற்றதெல்லாம் கந்தலும் பொறுமையும்.

நீங்கள் அனுப்பிய அச்சுப்படியைப் படித்தேன். 'லெமுவல் ஹாட்ச், காகித உற்பத்தியாளர், ஆறு முறை மாநில செனட் உறுப்பினர்.' எல்லாம் சரி. பிறந்த ஆண்டு மட்டும் ஒன்று குறைகிறது. கொதிகலன் சட்டத்தைக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. சட்டம் நல்லது என்று கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அவசரம் இல்லையென்றால் உட்காருங்கள்.

நீங்கள் சின்ன வயது. இப்போது அரசாங்கமே வாக்குச்சீட்டு அச்சடித்து, திரை போட்ட மூலையில் நின்று குறியிடச் சொல்கிறது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் அப்படி இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்துக்கொள்ளும். அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கட்சிக்கான காகிதம் என் ஆலையில் செய்தது. சட்டப்படி வெள்ளைதான். ஆனால் கொஞ்சம் விறைப்பாகச் செய்யச் சொல்லியிருந்தேன். விரித்தால் சலசலவென்று சத்தம் வரும். எதிர்க்கட்சியின் சீட்டு பழைய கைக்குட்டை மாதிரி சத்தமில்லாமல் விரியும். இதில் தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல காகிதம் சத்தம் போடும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தனி வாக்குச்சாவடி. மொத்தம் அறுபது பேர்தான். என் ஆலையாட்கள் ஐம்பத்தெட்டு பேர், நான், அப்புறம் ஓர்லாண்டோ பெல்டிங். பெல்டிங்கை நீங்களும் புத்தகத்தில் போட்டிருக்கிறீர்கள். குதிரைச் சாட்டை செய்தவர். தொழிற்சாலை அக்கரையில் இருந்தது. வீடு மட்டும் இந்தப் பக்கக் குன்றின்மேல், காற்றுக்காகக் கட்டிக்கொண்டார். அந்த வருடம் என்னை எதிர்த்து நின்றவர் அவர்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியிடும் இருவரில் எவரும் தனக்கே வாக்களித்துக்கொள்ள மாட்டார். எதிராளிக்குப் போடுவார். தன் பெயரைத் தானே பெட்டியில் போடுவது கண்ணாடி முன் நின்று கை தட்டிக்கொள்வதைப் போன்றது என்று என் அப்பா சொல்வார். அதனால் தேர்தலுக்கு முந்தின நாள் என் சீட்டு ஒன்றை உறையில் வைத்து, மரியாதையாக இரண்டு வரி எழுதி, பெல்டிங்குக்கு அனுப்பினேன். அவரும் தன் சீட்டை எனக்கு அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆலைக் கதவருகே என் மேஸ்திரி கார்னேலியஸ் டூலன் எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்தான். வலது கையில் சீட்டை, தோள் உயரத்துக்குப் பிடித்தபடி, வரிசையாக வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். எல்லா ஆலைகளிலும் அப்படித்தான். நான் வாசலில் நின்று ஐம்பத்தெட்டுக் கைகளையும் பார்த்தேன். பெல்டிங் எங்களுக்கு முன்பே வந்து போட்டுவிட்டார். அவர் கையை நான் பார்க்கவில்லை. ஒரு கனவான் இன்னொரு கனவானின் கையைப் பார்ப்பதில்லை.

மாலையில் எண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சீட்டாகச் சலசலத்தது. நடுவில் ஒன்று சத்தமில்லாமல் விரிந்தது. அது நான் போட்டது. கடைசிக்குக் கொஞ்சம் முன்பு இன்னொன்றும் சத்தமில்லாமல் விரிந்தது.

ஐம்பத்தெட்டு, இரண்டு என்று எழுத்தர் வாசித்தார். ஐம்பத்தொன்பது, ஒன்று என்று வந்திருக்க வேண்டும். கைதட்டினார்கள். மாவட்டம் முழுவதும் சேர்த்து நானூறு வாக்கு அதிகம் பெற்று நான் ஜெயித்திருந்தேன். எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். குலுக்கிய ஒவ்வொரு கையையும் நான் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தேன்.

ஒரு சீட்டுதானே என்று தோன்றும். அப்போது இங்கே ஒவ்வொரு வருடமும் தேர்தல். ஒருவன் தோள் உயரத்துக்கு என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்துப் போட முடியும் என்றால், அடுத்த வருடம் பத்துப் பேர் செய்வார்கள். அதற்கடுத்த வருடம் எனக்கு ஆலையும் இருக்காது. சத்தமில்லாத ஆட்களைக் கண்டு நான் எப்போதும் பயந்திருக்கிறேன்.

டூலனை ஏன் சந்தேகப்பட்டேன் என்று கேட்பீர்கள். அவன் வரிசையில் கடைசியாக நடந்தான். அவனுக்குப் பின்னால் பார்க்க ஆளில்லை. அவனுடைய மச்சான் சாட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். செப்டம்பரில் டூலன் என்னிடம் ஒரு பூட்டு கேட்டிருந்தான்.

அதை விளக்க வேண்டும். காகிதக் கூழுக்கான கந்தல் துணியைச் சுண்ணாம்பு போட்டு நீராவியில் வேகவைக்க ஒரு பெரிய இரும்புக் கொதிகலன் உண்டு. வாரம் ஒருமுறை ஆள் உள்ளே இறங்கிச் சுவரில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். இறங்கும் துளை கீழ்த்தளத்தில் இருக்கிறது. நீராவி வால்வு மேல்தளத்தில். அங்கிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதனால் உள்ளே போகிறவன் முதலில் மேலே ஏறி, தன் தொப்பியை வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவான். தொப்பி இருக்கும்வரை யாரும் சக்கரத்தைத் தொடமாட்டார்கள். என் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

"ஒரு பூட்டு போட்டுட்டா நல்லது முதலாளி," என்றான் டூலன். "சாவிய உள்ள போறவன் ஜேப்புல வச்சுக்கலாம்."

"தொப்பிக்கு என்ன குறைச்சல்?"

"தொப்பிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மனுஷங்கதான், காத்து வந்தா ஜன்னலச் சாத்தறேன்னு அதத் தட்டிவிட்டுடுவாங்க."

பார்க்கலாம் என்றேன். பூட்டு கேட்கிறவன் யாரையோ நம்பவில்லை என்று அர்த்தம். யாரை என்று அன்றிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேர்தலுக்கு மறுநாள், புதன்கிழமை, அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"கூப்பிட்டீங்களா செனட்டர்?"

என்னை முதன்முதலில் அப்படி அழைத்தவன் அவன்தான்.

"நேத்து நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன் மாத்திப் போட்டிருக்கான், டூலன்."

"அம்பத்தெட்டு வந்திருக்கே முதலாளி! நான் பொறந்த ஊர்ல போப்பாண்டவரே நின்னாலும் அம்பத்தெட்டு வராது."

"யாருன்னு நினைக்கிற?"

"பெட்டிக்குள்ள போன சீட்டுக்கு ஏது பேரு? விட்டுத் தள்ளுங்க. ஜெயிச்சாச்சு."

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. எதிரே இருப்பவர்களுக்குத்தான் அது கஷ்டம். பிறகு, "நீயா?" என்று கேட்டேன்.

அவன் சத்தமாகச் சிரித்தான். "ஆமா முதலாளி, நான்தான். நான், என் பொண்டாட்டி, எங்க வீட்டுப் பன்னி, மூணு பேரும் பெல்டிங்குக்குத்தான் போட்டோம்."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனான். நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் முதல் சொல் 'ஆமா'. மனைவியும் பன்றியும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டு, அதன்மேல் வைக்கோலைப் போட்டு மூடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமைதான் சுரண்டும் நாள். டூலன் அந்த வேலைக்கு வேறு யாரையும் அனுப்பமாட்டான். ஏழு மணி அடிக்கும் முன் தானே இறங்கி முடித்துவிடுவான். ஏழு மணிக்கு வால்வைத் திறப்பது ஹிராம் ஃபிஸ்க் என்பவன். ஒழுங்கான ஆள். கொஞ்சம் காது மந்தம்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மேல்தளத்துக்குப் போனேன். தினமும் ஏதாவதொரு தளத்தைச் சுற்றிப் பார்ப்பது என் பழக்கம். சக்கரத்தில் டூலனின் சாம்பல் நிறத் தொப்பி தொங்கியது. அதை எடுத்தேன். உள்பட்டை இன்னும் சூடாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் தொப்பிகள் மாட்டும் ஆணிகள் உண்டு. மூன்றாவது ஆணி டூலனுடையது. அதில் மாட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். சக்கரத்தை நான் தொடவில்லை.

பத்து நிமிடம் என்பது நீண்ட நேரம். அதற்குள் என் மனம் மாறியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நான் ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றவருக்கு ஜெயித்தவர் எழுதும் கடிதத்தில் 'போட்டி' என்று எழுதுவதா, 'பந்தயம்' என்று எழுதுவதா என்று யோசித்தேன். 'போட்டி' என்று முடிவு செய்தபோது ஃபிஸ்க் மேலே வந்தான். சக்கரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"டூலன் வெளிய வந்துட்டாருங்களா முதலாளி?"

"அவன் தொப்பி ஆணியில இருக்கு," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். இருந்தது. நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மணி அடித்தது. ஃபிஸ்க் சக்கரத்தைத் திருப்பினான். கீழே ஒரு சத்தம் கேட்டது. அதிக நேரம் கேட்கவில்லை. கந்தல் அடிக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃபிஸ்குக்குக் கேட்டிருக்காது.

விசாரணையில் நான் சத்தியம் செய்து சாட்சி சொன்னேன். தொப்பி ஆணியில் இருந்தது என்றேன். ஃபிஸ்கும் அதையே சொன்னான். டூலன் மறதியாக இறங்கிவிட்டான் என்று முடிவானது. யார்மேலும் குற்றமில்லை. ஆனாலும் ஃபிஸ்க் அதன்பிறகு எந்தச் சக்கரத்தையும் தொடமாட்டேன் என்றான். வசந்தகாலத்தில் ஊரைவிட்டே போய்விட்டான். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே செனட்டில் மசோதாவைக் கொண்டுவந்தேன். எந்த ஆலையிலும் கொதிகலனுக்குள் இறங்குகிறவன் வால்வைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். ஒருவரும் எதிர்க்கவில்லை. எத்தனை உயிர்களை அது காப்பாற்றியிருக்கும் என்று நீங்கள் அச்சுப்படியில் எழுதியிருப்பது மிகையில்லை. டூலன் கேட்டது நியாயமானதுதான். தொப்பியை யார் வேண்டுமானாலும் எடுத்துவிட முடியும்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பாதி சொன்னால் நீங்களாகவே மீதியைக் கற்பனை செய்வீர்கள்.

அடக்கம் முடிந்த மறு வாரம் பெல்டிங் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சிப்பி வறுவல் வைத்திருந்தார். பேச்சோடு பேச்சாக, வழக்கத்தைக் காப்பாற்றியதற்கு நான் நன்றி சொன்னேன். அவர் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"லெமுவல், நீ நிஜமாவே எனக்கா போட்ட?"

"வழக்கம்தானே?"

"அட கிறுக்கா! அதெல்லாம் நம்ம அப்பன்மார் காலத்தோட போச்சுய்யா. நான் எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்."

"நான் அனுப்பின சீட்டு?"

"அதுலதான் சுருட்டுப் பத்தவச்சேன். நல்ல கெட்டிக் காகிதம். கடைசிவரைக்கும் எரிஞ்சுது." அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டாவது ஓட்டு யார் போட்டதுன்னு நீ மண்டையப் போட்டு உடைச்சிருப்பியே!"

இல்லை என்றேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். அவரைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தில் 'வாக்கு தவறாதவர்' என்று இருக்கிறது. அது இருக்கட்டும். செத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஐம்பத்தெட்டுப் பேரும் எனக்கே போட்டார்கள். டூலனும்தான். அது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. டூலனைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதலாம், மறுக்கமாட்டேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. என்னைத் தண்டிக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் சீக்கிரம் வர வேண்டும்.

பெல்டிங் வீட்டில் சாப்பிட்டதற்கு மறுநாள் டூலனின் வீட்டுக்குப் போனேன். ஆலைக்குச் சொந்தமான வீடு. அவன் மனைவி ஹனோரா இருக்கும்வரை அதில் குடியிருக்கலாம் என்று சொல்லப் போனேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேநீர் கொண்டுவந்தாள். அடுப்பில் விறகு வெடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவளாகவே சொன்னாள்: "புதன்கெழம வீட்டுக்கு வந்ததுலருந்து அவருக்கு ஒரே யோசனைங்கய்யா. 'முதலாளி மனசு ஒடிஞ்சு போயிருக்காரு ஹனோரா. சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். யாரு அந்தப் பயன்னு சனிக்கெழமைக்குள்ள நானே கண்டுபுடிச்சு அவருக்குச் சொல்லிப்புடணும்'னாரு. உங்கமேல அவருக்கு அவ்வளவு உசுரு."

நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து நின்றாள். அவள் சொன்னது உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் அவள் பதினாறு வருடம் இருந்தாள். ஒருநாளும் அவளை நான் தொந்தரவு செய்ததில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று அவளிடம் நான் எதையுமே கேட்கவில்லை. கேட்காமலே அவள் ஏன் அதைச் சொன்னாள்?