ஒரு மணிச் சோறு

— ஏனுங்க டாக்டரம்மா, அப்ப நா பொய் சொல்றனாக்கும்? மல்லிக்கு நீங்க சொன்ன கஞ்சியத் தவுர ஒண்ணும் வெக்கலீங்க.

— கோவிச்சுக்காதீங்க அழகிரிசாமி ஐயா. மல்லி கக்குனத நேத்து டப்பாவுல கொண்டாந்தீங்களே, அதுல கொள்ளுப்பருப்புச் சோறு இருந்துது. நெய் வாசம் வேற. நாய்க்கு யாரோ போடறாங்க.

— யாருங்க போடறது? ஊட்டுல நா ஒருத்தன். எனக்கே மெஸ்ஸுல இருந்து கேரியர் வருதுங்க. என் சம்சாரம் அம்புஜம் போனதுக்கப்புறம் மல்லி கஞ்சிக்குத் தவுர அடுப்பே பத்தவெக்கறதில்ல.

— எப்பக் கக்குது?

— தெனமும் மத்தியானம் ஒரு மணிக்கு அம்புஜத்தோட ரூமுக்குள்ள போகும். திரும்பி வாரப்ப வயிறு உப்பிக் கெடக்கும். செத்த நேரத்துல அத்தனையும் கக்கிப்போடும்.

— எத்தன நாளா?

— அவளுக்கு முப்பதாம் நாள் படையல் போட்டதுல இருந்துங்க. அந்த ரூமுலதான் எல போட்டு, அவளுக்குப் புடிச்ச கொள்ளுப்பருப்பு வெச்சு, கதவச் சாத்திப்போட்டு வெளீல நின்னோம். செத்தவங்க வந்து சாப்புட்டுப் போற வரைக்கும் உசுருள்ளது எதுவும் உள்ள இருக்கக்கூடாதுங்க. கட்டிலுக்கடியில மல்லி படுத்திருந்தத ஒருத்தரும் பாக்கல. தப்புப் பண்ணிப்போட்டோம் அம்மணி.

— எலையில இருந்தத அது தின்னிருக்கும். விடுங்க.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எலையில ஒரு பருக்கை கொறையலீங்க. மல்லி மீசையில மட்டும் நெய்யி.

— ஐயா, தனியாவே இருக்கறீங்க. உங்க பொண்ணு சைத்ராகிட்ட நா பேசட்டுங்களா?

— மொதல்ல மல்லியக் காப்பாத்துங்க. எலும்பா நிக்குது. எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம்.

— இன்னொருக்கா கக்குனா உடம்பு தாங்காதுங்க, உள்ளதச் சொல்றேன். ஒரு மணிக்கு அந்த ரூமுக்குள்ள மட்டும் விடாதீங்க.

— இன்னிக்கே விடலீங்க. மத்தியானம் மாமரத்துல கட்டிப்போட்டேன்.

— பாருங்க, மணி நாலாச்சு, கக்கவே இல்ல. வயிறும் உப்பாம எளகிக் கெடக்குது. ட்ரிப் போட்டா நாளைக்கு எந்திரிச்சு ஓடும். இதுக்குப் போயி ஏன் அழுகறீங்க?

— ரூமுக்குள்ள இருந்து கூப்புட்டுட்டே இருந்தாங்க அம்மணி. மல்லி, மல்லின்னு. கொரலு அம்புஜத்துதுதான்.

— நீங்க என்ன பண்ணுனீங்க?

— சோத்தப் பெசஞ்சு வெச்சுட்டு எத்தன நேரம் காத்துட்டு இருப்பா? அதான், நானே உள்ள போயி, கதவச் சாத்திப்போட்டு அவ முன்னால உக்காந்துட்டனுங்க.