அந்த வீட்டுக்கு யார் போவது?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தவரத்தினம் அண்ணை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பெற்ற பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளையும் வளர்க்கும் தாய்மாரே, ரூ பெர்தொனே தெருவில் கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவந்த அன்பர்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். நான் நிரோஜினி. பதினோரு ஆண்டுகளாகப் பிறர் வீடு துடைப்பவள்.

பெண்கள் தினத்துக்கு வாழ்த்துரைக்க அழைத்தீர்கள். வாழ்த்த வாய் வரவில்லை. மூன்றாம் வரிசையில் பெட்டியோடு இருக்கிறாளே கோசலை, அவளைப் பாருங்கள்.

ஏழு ஆண்டுகள் ஒரே வீடு. அடுப்பும் அவள், அழுக்கும் அவள், அழும் குழந்தைக்கு ஆறுதலும் அவள். சென்ற செவ்வாய் வீட்டுக்கார மதாமிடம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கேட்டாள். அன்று மாலையே வேலை போனது. அந்த வீட்டார் கொடுத்திருந்த ஆறாம் மாடி அறையும் போனது.

"நான் எங்கையடி போறது?" என்று எனக்குத்தான் போன் எடுத்தாள். "பொறு, பாப்பம்" என்றேன்.

முன்னால் ஓர் ஐயா தலையாட்டுகிறார். எங்கும் நடப்பதுதானே என்கிறீர்களா? ஏன் நடக்கிறது, ஐயா?

நூறு ஆண்டுகளுக்கு முன் பின்லாந்துப் பெண்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மொழி தெரியாது. செல்வர் வீட்டுச் சமையலறையே வாழ்வு. ஆனால் வியாழன்தோறும், விடுப்பு நாளில், தங்கள் மண்டபத்தில் கூடினார்கள். ஆடினார்கள், பாடினார்கள், தொழிற்சங்கம் பற்றிப் பேசினார்கள். சிலர் சேர்ந்து தங்குவதற்கு ஒரு வீடே எடுத்தார்கள். வேலை இழந்தவளுக்கு அங்கே படுக்கை இருந்தது. படுக்கை இருந்ததால் பயம் குறைந்தது. பயம் குறைந்ததால் "முடியாது" என்று சொல்ல வாய் வந்தது.

நாம் கூடுவதில்லையா? தேருக்குக் கூடுகிறோம். கலியாணத்துக்கு நானூறு பேர் கூடுகிறோம். கோசலைக்கு ஒரு கட்டில் கிடைக்கவில்லையே.

மதாம் சும்மா இருப்பாரா? முன்பு கோசலைக்கு உதவியாக அங்கே போய்வந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணைப் புதனன்றே கூப்பிட்டார். திங்கள் வரச் சொல்லிச் சாவியும் கொடுத்தார். யார் அவள் என்று பின்னால் கேட்கிறார்கள். திட்டாதே தங்கச்சி, கொஞ்சம் பொறு.

நான்தான். இதோ அந்தச் சாவி.

மூன்று நாளாக இது என் கைப்பையில் கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது. கோசலை, நீ தலை குனியாதே. குனிய வேண்டியவள் நான்.

தலைவர் அவர்களே, சாவியை உங்கள் மேசையில் வைக்கிறேன். திங்கள் காலை நானும் கோசலையும் சேர்ந்தே போய்த் திருப்பிக் கொடுப்போம். இன்று முதல் ஒரு கிழமை அவள் லா கூர்னெவில் என் வீட்டில். அதற்குப் பிறகு? அந்த வீட்டுக்கு நம்மில் ஒருத்தியும் போகாமல் இருப்போமா? கோசலைக்கு நம்மில் எத்தனை பேர் கதவு திறப்போம்? திறப்பவர்கள் எழுந்திருங்கள்.

பாண்டிச்சேரி மரி-லூயிஸ் அக்கா எழுந்துவிட்டார். "அடுத்த வாரம் எங்க வீடு" என்கிறார். அங்கே இன்னும் இருவர். திட்டிய தங்கச்சியும்.

இனி நான் பேசத் தேவையில்லை. இருந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து நிற்பவர்களுக்கு என் வணக்கம்.