தணலில் வாட்டிய இரண்டு துண்டு

1972-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் தேதி காலையில் விருத்தாசலம் காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரித்ததில் நான் சொன்னது:

என் பெயர் அம்சவல்லி. வயது இருபத்தேழு. காலஞ்சென்ற மாயவன் மனைவி. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்புறம் உள்ள லைன் வீடுகளில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடத் தெரியும். சொந்த ஊர் பெண்ணாடம். வாசுகி என்று ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பேசத் தொடங்கும் முன்பு ஒன்று கேட்டுக்கொண்டேன். என் மாமியார் ராஜம்மாளை வெளியே அனுப்ப வேண்டும் என்று. என் மேல் புகார் கொடுத்தவரே அவர்தான், அவர் இருந்தால் என்ன என்று சப் இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். நான் சொல்லி முடித்தால் தெரியும் என்றேன். அதன் பிறகு அவர் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார்.

என் கணவர் இங்கே ஒரு பீங்கான் ஜாடிக் கம்பெனியில் மூடி பொருத்தும் வேலை பார்த்தார். சூளையிலிருந்து வருகிற ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடி சரியாக உட்காரும்படி நைஸ் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவர் தேய்த்த மூடியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தண்ணீர் கசியாது என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் வீட்டில் இருக்கிற ஜாடிகள் எல்லாம் வெளிப்பக்கம் பளபளப்புத் திட்டாகப் போய்க் கழித்துப் போட்டவை. மூடி மட்டும் எல்லாவற்றுக்கும் முதல் தரம்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். பங்கில் எங்களுக்கு ஒரு தொடை வந்தது. அன்று இரவே நானும் மாமியாரும் அதை விரல் கனத்துக்கு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, மறுநாள் காலையில் சணலில் கோத்து வெயிலில் கட்டினோம். சென்ற ஆண்டு உப்புக்கண்டம் வாயில் வைக்க முடியாமல் கரித்தது என்று என் கணவர் சொல்லியிருந்ததால் இந்த முறை உப்பைக் குறைத்துப் போட்டேன். குறைத்தது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு வெயில்தான் பட்டது. அதற்குள் பெரிய கோயிலில் மாசி மகத்துக்குக் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறினால் தீர்த்தவாரி முடிகிறவரை எங்கள் லைனில் யாரும் கவுச்சி சமைப்பதில்லை. வாசலில் கண்டம் தொங்கினால் கேட்கவே வேண்டாம், ஊர் வாயில் விழ வேண்டியதுதான். எதிர்வீட்டு ஆதிலட்சுமி காலையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அதைப் பார்த்த என் கணவர் கண்டத்தை இறக்கச் சொன்னார். நான் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே மெத்தென்று இருந்தது. நன்றாகக் காய்ந்த கண்டத்தைத் தட்டினால் சுள்ளிச் சத்தம் வரும். இதில் வரவில்லை.

நான் அவரிடம், “இன்னும் காயலைங்க. ஊருக்குக் குடுத்தனுப்பிடலாம், அங்க காய வெச்சிக்கட்டும்” என்று சொன்னேன்.

அதற்கு அவர், “நம்ம ஜாடியில போட்டா ஏன் கெடப்போவுது? காத்து போனாத்தான கெடும். நான் மூடுற மூடியில எறும்பு மூச்சுகூடப் போவாது” என்றார்.

என் மாமியார் ஊரில் இருந்த காலத்தில் கண்டத்தைப் பானையில் போட்டு வாய்க்கு வெள்ளைத் துணி கட்டுவதும், ஈரம் கோக்காமல் அடிக்கடி எடுத்து வெயில் காட்டுவதும்தான் வழக்கம் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றும் துணி கட்டினால் போதும் என்றுதான் சொன்னார். துணி கட்டினால் வாடை லைன் முழுக்கப் போகும் என்று என் கணவர் கேட்கவில்லை. துண்டுகளை ஜாடி நிறைய அமுக்கி வைத்து, மூடி போட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியைச் சுற்றிலும் ஊற்றினார். அதன் பிறகு ஜாடியை அடுப்படிப் பரணில் ஏற்றினார். வாடை துளிகூட வரவில்லை. ஆதிலட்சுமி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு என் கணவர் பரணைப் பார்த்துச் சிரித்தார்.

மாசி மகத்தன்று என் தகப்பனார் தங்கராசு பெண்ணாடத்திலிருந்து வந்தார். எல்லோரும் மணிமுத்தாற்றில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தோம். அவர் கையில் ஒரு பை இருந்தது. அதில் கரும்பு வெல்லமும் வாசுகிக்கு ஒரு பாவாடைத் துணியும் இருந்தன. அவர் கரும்புக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர் என்பதால் அந்தப் பையில் மருந்து வந்தது என்று புகாரில் சொல்லப்பட்டிருக்கிறது. பையைப் போலீசார் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் வெல்லப் பிசுக்கு தவிர ஒன்றும் இருக்காது. மதியமே அவர் பஸ் ஏறிவிட்டார், எங்கள் வீட்டில் கண்டம் தின்னவில்லை.

அன்று சாயங்காலம், கோயிலில் தீர்த்தவாரி முடிந்துவிட்டதால், என் கணவர் ஜாடியை இறக்கினார். மெழுகைச் சுரண்டி மூடியைத் திருகியபோது புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அவருக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாத்தியா, எப்புடிப் புடிச்சிருக்குது!” என்றார்.

எனக்கு வாடை கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. மாமியாரிடம் காட்டினேன். கண்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். துண்டுகள் கெட்டியாக, நல்ல நிறமாகத்தான் இருந்தன. புழுவோ பூசணமோ ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் எனக்கு எப்போதும் எதிலாவது சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும் என்று அந்த வீட்டில் ஒரு பேர் உண்டு. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் ஒரு கை கண்டத்தைக் கழுவி, எண்ணெயில் முறுக வறுத்து, கத்தரிக்காய்க் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். அந்தக் குழம்பை நான், மாமியார், வாசுகி, என் கணவர் நால்வரும் சாப்பிட்டோம். சோறு போட்டது நான். என் கணவர் மட்டும் இறந்துபோனார், மற்ற மூவருக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே அவர் தட்டில் நான் எதையோ கலந்தேன் என்பது புகார்.

எனக்கும் மாமியாருக்கும் சண்டை உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு. குழாயடிக் குடத்துக்குச் சண்டை, வாசுகிக்குத் தலை வாருவதற்குச் சண்டை. எனக்கும் கணவருக்கும் உண்டா என்று கேட்கப்பட்டது. அவரோடு சண்டை போட்டால் அவர் எழுந்து போய் ஜாடி துடைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரோடு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

மறுநாள் அவர் வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தார்.

“ஒரே ஜாடிக்கு ரெண்டு மூடி தெரியுது, அம்சு” என்றார்.

தூக்கம் போதவில்லை என்று நினைத்துப் படுக்கச் சொன்னேன். சாயங்காலம் நாக்கு வறண்டு மூக்கால் பேசினார். தண்ணீர் கொடுத்தேன், விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. இமைகள் தானாக விழுந்தன. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவாக இருந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாசுகியை ஆதிலட்சுமியிடம் விட்டுவிட்டு நானும் மாமியாரும் டாக்சியில் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது, கால் மாமியார் மடியில் இருந்தது.

அங்கே டாக்டர், இவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். உப்புக்கண்டம் என்றதும் எப்படிச் செய்தீர்கள், எதில் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெழுகு வைத்து மூடியதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உப்புக் குறைந்து, ஈரம் போகாத கறியைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அதற்குள் ஒரு கிருமி விஷம் உண்டாக்கும், காற்று இல்லாத இடத்தில்தான் அது வளரும் என்றார். நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த விஷம் முறிந்துவிடும் என்றும், குழம்பு சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னார். பிறகு, “இவர் மட்டும் கொதிக்காத துண்டு ஏதாவது சாப்பிட்டாரா?” என்று கேட்டார்.

இதே கேள்வியைத்தான் பத்து நாளைக்கு முன் சப் இன்ஸ்பெக்டர் ஐயாவும் எங்கள் வீட்டில் வைத்துக் கேட்டார். அப்போது நான் இல்லை என்று சொன்னேன். டாக்டர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் பொருந்தவில்லை என்றுதான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். அன்று நான் சொன்னது பொய். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அப்படிச் சொன்னேன். உண்மை பின்வருமாறு.

ஜாடி திறந்த அன்று நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். மாமியார் ஜாடியிலிருந்து இரண்டு துண்டை எடுத்து, அடுப்புத் தணலில் லேசாகக் காட்டி, சாம்பலைத் தட்டி என் கணவர் கையில் கொடுத்தார். சிறுபிள்ளையிலிருந்து அவருக்கு அப்படித் தின்பது பிரியமாம். மேலே வெதுவெதுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும், கருகினால் பிடிக்காது. வாசுகி எனக்கு என்று கை நீட்டினாள்.

“இது அப்பாவுக்கு. நீ கொழம்புல தின்னு” என்று மாமியார் அவள் கையைத் தள்ளிவிட்டார்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை கேட்டால் ஒரு துணுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று முணுமுணுத்தேன். என் கணவர் ஒரு துண்டைக் கிள்ளி மகளுக்குக் கொடுக்கப் போனார், மாமியார் விடவில்லை. அவர் இரண்டையும் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். இப்போது எனக்கு அந்தக் கோபம் இல்லை. அந்தக் கை தள்ளாமல் இருந்திருந்தால் என் மகளும் இல்லை. அதே கை கொடுத்ததால் என் கணவர் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன நினைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. அழவில்லை என்பதையும் என் மேல் ஒரு குற்றமாக லைனில் பேசுகிறார்கள்.

இதை டாக்டரிடம் கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன். மாமியார் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். என் கணவருக்குப் பேச்சு அடியோடு போய்விட்டிருந்தது, காது கேட்டது. நான் சொல்லி முடித்ததும் அவர் கை என் கையைத் தேடியது. பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயம் மாமியார் சொம்போடு உள்ளே வந்து, “எய்யா மாயவா” என்றார். என் கணவர் என் கையை அழுத்தினார். பலம் இல்லாத கை, ஆனாலும் அழுத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அம்மாவிடம் சொல்லாதே என்று நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. அதன் பிறகு மாமியார் அங்கேயே என் தலைமுடியைப் பிடித்து, “எம்புள்ளைக்கு என்னாடி போட்ட?” என்று கேட்டார்.

மிச்சக் கண்டத்தோடு ஜாடியைப் போலீசார் எடுத்துவந்திருக்கிறார்கள். இப்போது மேசைக்குக் கீழே அதைக் காட்டினார்கள். அது எங்கள் ஜாடிதான். மூடியைச் சுற்றி அரக்கு வைத்து மூடியிருக்கிறது. நிலையத்தில் யாரும் அதைத் திறந்து வாயில் வைக்க வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். மகன் கை பட்ட மூடி, விசாரணை முடிந்ததும் தனக்கு வேண்டும் என்று மாமியார் கேட்டிருப்பதாகத் தெரிகிறது. உள்ளே இருப்பதைப் புதைத்து, ஜாடியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவிவிட்டு அவருக்கே கொடுத்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதை ஏன் முன்னமே சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை என்று சப் இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். என் மாமியார் ஒரே பிள்ளையைப் பெற்றவர். மருமகள் கொன்றாள் என்றால் திட்டிக்கொண்டு இருப்பார், நாள் ஓடிவிடும். தன் கை கொடுத்தது என்று தெரிந்தால் அந்தக் கையால் எப்படிச் சோறு அள்ளித் தின்பார்? ஆனால் எனக்கு மகள் இருக்கிறாள், நான் ஜெயிலுக்குப் போக முடியாது. அதனால் இன்று சொன்னேன். வழக்கில் வேண்டிய இடத்துக்கு இது போகட்டும். அவர் காதுக்கு மட்டும் போகாமல் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முயற்சி செய்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்று ஐயா சொன்னார். அதையும் இதில் எழுதச் சொன்னேன்.

மேலே இருப்பது என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததோ மிரட்டி வாங்கியதோ இல்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தணல் என்ற இடம் வந்தபோது மாமியார் பெஞ்சிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். நான் கை காட்டினேன், படிப்பதை நிறுத்தினார்கள். வாசுகி எதிர்வீட்டில் இருக்கிறாள், அவளுக்குப் பசிக்கும், போய்ச் சோறு போட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் நடந்தார். அதன் பிறகு மிச்சத்தைப் படித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) மா. அம்சவல்லி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) சப் இன்ஸ்பெக்டர்