பிரசாதம் சாப்பாட்டுல சேருமா

எந்திரிக்காதீங்க தாய்மாரே, முகாம் இன்னும் முடியல. ஒரு சின்னக் கதை பாக்கி இருக்கு, கேட்டுட்டுச் சாப்பிடப் போகலாம்.

முன்வரிசையில பச்சைச் சேலையில இருக்காளே, அவ என் ஓரகத்தி சுடலைவடிவு. என் மக கல்யாணத்துல, ரசம் ஊத்துற நேரம் பாத்து, பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனவ. அன்னைக்கே அவகூடப் பேச்சை விட்டேன். பதினெட்டு வருசம்... நான் மறக்கல.

போன வருசம் அவளுக்கு அக்குள்ல ஒரு கட்டி. சதை எடுத்துப் பாத்தாக... புத்துநோய். "இது மார்ல இருந்து வந்தது"ன்னாரு டாக்டர். மேமோகிராம் எடுத்தா மார்ல ஒண்ணுமே தெரியல. அப்போ எங்க ஒளிஞ்சிருக்கு? வேற எங்கெல்லாம் ஓடியிருக்கு? அது தெரியாம என்ன வைத்தியம் பாக்க?

பெட் ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு. சீனி மாதிரி ஒரு மருந்த ஊசியில ஏத்துவாக. நோய் பிடிச்ச இடம் அதை முந்திப் பறிச்சுத் திங்கும். தின்ன இடம் படத்துல வெளிச்சமாத் தெரியும். உடம்புல முன்னாடியே சீனி ஏறிக் கிடந்தா அந்த மருந்தத் திங்காது. அதுக்குத்தான், ஆறு மணி நேரம் தண்ணியத் தவிர எதுவும் கூடாதுன்னாக.

துணைக்கு நான் போனேன், பேசாமலே. நர்சுப் பொண்ணு கேக்குது.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

"பச்சத்தண்ணிதான் தாயி."

விரல்ல குத்திப் பாத்தா... சர்க்கரை ஏறிக் கிடக்கு.

"உண்மையச் சொல்லுங்கம்மா. இப்படி இருந்தா இருக்கிற நோயும் படத்துல தெரியாமப் போயிரும்."

"ஒண்ணும் திங்கல. பஞ்சாமிர்தம் மட்டுந்தான்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"அது சாப்பாடு இல்லையா?"

"பிரசாதம் எப்படித் தாயி சாப்பாடாகும்?"

வியாழக்கிழமை வாங்கன்னு அனுப்பிட்டாக. நாலு நாள் அவ கண்ணு மூடல. அந்தப் பஞ்சாமிர்தத்தக் குடுத்தது யாரு? சொல்லவா?... நான்தான். விடிய கோயிலுக்குப் போயி, அவ பேருக்கு அர்ச்சனை பண்ணி வாங்கியாந்து கையில திணிச்சேன். பேசமாட்டேன்னுதான் சொன்னேன். கும்பிட மாட்டேன்னா சொன்னேன்?

வியாழக்கிழமை வெறும் வயித்தோட போனா. மாருக்குள்ள மிளகளவு வெளிச்சம், அக்குள்ல ஒண்ணு. ஈரல்ல இல்ல, எலும்புல இல்ல, வேற எங்கயும் இல்ல. ஆபரேசன், மருந்து எல்லாம் முடிஞ்சுது. கொட்டுன முடி முளைச்சு இன்னைக்குப் பூ வச்சிருக்கா, பாருங்க.

எதுக்குச் சொல்றேன்? ஒளியறது நோயோட குணம். அதோட சேந்து நாமளும் ஒளிச்சா, டாக்டர் எங்க போயித் தேடுவாரு? கட்டி இருந்தாச் சொல்லுங்க. வலி இருந்தாச் சொல்லுங்க. பிரசாதம் தின்னாலும் சொல்லுங்க.

ஏட்டி வடிவு, இலை போட்டாச்சாம். ரசம் வரங்காட்டியும் எந்திரிக்கக் கூடாது.

என்ன சொல்றா?... "மோர் வரைக்கும் இருக்கேன்க்கா"ங்கிறா.