சத்தம் வேணாம்னு சொன்ன கச்சேரி

சத்தமே வேணாம்னா எதுக்குங்க பாய் மைக் செட்டு? நீங்களே சொல்லுங்க. உக்காருங்க, நாற்காலி ஆடாது. உங்க பொண்ணு நிக்காஹ்வுக்கு வேற செட்டு பாத்துக்கோங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாராமே... அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன்.

போன மாசம் குயிலாப்பாளையம் கெஸ்ட் அவுஸ்காரங்க வந்தாங்க. பிரேசில்லருந்து ஒரு பெரியவர் வந்திருக்காரு, எண்பது வயசு. அவங்க ஊர்ல போசா நோவான்னு ஒரு பாட்டாம், அதை உண்டாக்கினவங்களுக்கு மரியாதை செய்யறாப்ல ஒரு கச்சேரி, உப்பளத்துக்குப் பக்கத்துத் தென்னந்தோப்புல. ஸ்பீக்கர் வேணும், ஆனா சத்தம் கூடாதுன்னாங்க. என்னா பேச்சுங்க இது? நம்ம பக்கம் கூழ் ஊத்துறதுக்குப் பாட்டு போட்டா பெருமுக்கல் மலை வரைக்கும் கேக்கணும். கேக்கலைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைக் கூப்பிட்டுருவாங்க.

எங்க வீட்டுக்காரர் பிரபாகரன் இருக்காரே, சொன்னா சொன்னபடி. வால்யூமை கால் சுத்து வச்சி, அங்கியே நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டாரு. என் நெயில் பாலிஷ்தான், புதுசு, பாதி காலி... அத விடுங்க.

பெரியவர் கிடாரை மடியில வச்சிக்கினு ஆரம்பிச்சாரு. பாட்டா அது? கொழந்தைய தூங்க வச்சிட்டு புருஷங்கிட்ட பேசுவோமில்ல, அந்த மாதிரி. எம்புள்ள ரெண்டாவது பாட்டுலியே தூங்கிடுச்சி, நல்லதுதான். ஆனா எங்க நாத்தனா பிரியங்கா பின்வரிசையிலருந்து எட்டிப் பாத்து, "அண்ணி, செட்டு போயிடுச்சா?"ன்னு கேட்டா. பத்து பேர் திரும்பிப் பாத்தாங்க.

திடீர்னு... சவுண்டு ஏறிடுச்சிங்க. பெரியவர் விடுற மூச்சு, எச்சி முழுங்குறது எல்லாம் உப்பளம் பூரா போச்சி. அங்க பொழுது சாஞ்சும் உப்பு வாரிக்கினு இருந்த சகாதேவன், யாரோ வயசானவர் பாத்தியில விழுந்து இழுத்துக்கினு கெடக்குறாருன்னு ஆம்புலன்சுக்கு போன் போட்டுட்டான். வண்டி நேரா தோப்புக்குள்ள வந்துடுச்சி. எண்பது வயசு ஆளு கண்ண மூடி முணுமுணுக்கிறாரே, வந்தவங்க ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்க. அவரு நம்ம ஊரு மரியாதைன்னு நெனச்சி கிடாரோட படுத்துக்கினாரு. அடுத்த பாட்டையும் படுத்துக்கினே பாடினாரு.

சிரிக்காதீங்க பாய். எங்க வீட்டுக்காரர் அன்னிலருந்து சரியா சாப்பிடறதில்ல. மிஷினுல வால்யூம் தானா ஏறுதுன்றாரு. பாண்டிக்கு மூணு வாட்டி எடுத்துக்கினு போயி பிரிச்சிப் பாத்தாச்சி, கோளாறே இல்லன்றாங்க. எங்க வீட்டுல யாரும் அதைத் தொடமாட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் வேற பண்ணிட்டாரு. வர்றவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, நாளைக்கு செட்டையே காயலான் கடையில போடப் போறாராம்.

கச்சேரி நடுவுல அவரு ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தப் போயிருந்தாரு. பிரியங்கா அப்படிக் கேட்டுட்டாளே... அந்தக் கோட்டைத் தாண்டி கொஞ்சூண்டுதான் திருப்பினேன் பாய். அப்பறம் இன்னும் கொஞ்சூண்டு.

தோ, வண்டி வருது, அவர்தான். நீங்களும் கச்சேரிக்கு வந்திருந்ததா சொல்லுங்க. மிஷினு மேல தப்பில்ல, ஒரு பொம்பள திருப்பினதை என் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. மூஞ்சி மட்டும் இருட்டுல தெரியலன்னு சொல்லிடுங்க.