ஏழாம் எண் பம்ப்

தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தேவநாதன் சுறுசுறுப்பானவன் என்றுதான் சொல்வார்கள்.

என் வேலையே அதுதான், ஐயா. நோயாளிக்கு மருந்தை அளவாக ஏற்றும் பம்புகளைச் சோதித்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டுவது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒன்பது தனியார் ஆஸ்பத்திரிகள். மணிக்கு அறுபது மில்லி என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் குடுவையில் அறுபது சேர வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே குடுவை. பன்னிரண்டு பம்ப் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் யார் உட்காருவது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒன்றை ஓட்டிப் பார்ப்பேன். மற்றவற்றுக்கு 59.4, 60.3 என்று நிரவி எழுதிவிடுவேன். எல்லாவற்றுக்கும் அறுபது என்று போடுகிறவன் மடையன்.

2009 ஆவணியில் சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புஷ்பவள்ளி என்ற பெண் இறந்தாள். திட்டக்குடிப் பக்கம், தலைப்பிரசவம். வலிப்புக்கு மருந்து ஏற்றினார்கள். அது கூடிப்போனால் மூச்சு அடங்கிவிடும். அடங்கிவிட்டது. குழந்தை மட்டும் பிழைத்தது.

பம்பை வைத்த நர்ஸ் திலகவதி, என் மனைவியின் தங்கை. கடலோரத்துப் பெண். சுனாமியில் பெற்றவர்கள் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். நர்சிங் படிக்க வைத்தவன் நான். அவள்மேல் எனக்கு உயிர்.

மறுநாள் வந்து நின்றாள். "மாமா, நான் சரியாத்தான் வெச்சேன். ரெண்டு தடவ பாத்தேன். அந்த ஏழாம் நம்பர் மிஷின நீங்க ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் முழுதாக உட்கார்ந்தேன். தொண்ணூறு மில்லி வந்தது. குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விசாரணையில் அறுபது என்று சொன்னேன்.

நீங்களே யோசியுங்கள். உண்மையைச் சொன்னால் ஒன்பது ஆஸ்பத்திரியும் என்னைத் துரத்தும், குடும்பமே தெருவில் நிற்கும். அவளுக்கோ வேலை மட்டும்தான் போகும்.

ஆனால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பதமாகக் கேட்டேன். "அலுப்புல கை தவறியிருக்கும்மா. நல்லா யோசி. அறுபதுக்கு மொத எண்ணு ஆறு வெச்சியா, ஒம்போது வெச்சியா?" பத்து நாள் தலையாட்டி மறுத்தாள். பதினோராம் நாள், "ஒம்போதுதான் வெச்சேன் போலருக்கு மாமா" என்றாள். தாங்க முடியாமல் அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று எண்ணி, என் கையைப் பிடித்துத் தேற்றினாள்.

ஏழாம் எண் பம்பை வார்டிலேயே விட்டுவைத்தேன். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மாசியில் ராசம்மாள் என்ற இன்னொரு நோயாளியும் அதே பம்பில் போனாள். நீங்கள் என்னை விசாரிக்க வந்திருப்பது அதற்காகத்தான். ஆமாம், இரண்டு பேர் சாவுக்கும் நான்தான் காரணம். இரண்டாவது, தெரிந்தே செய்தது.

போன வாரம் என் மகள் சுவாதிக்குக் காய்ச்சல். திலகவதியிடம் சிரப் பாட்டிலை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் மாமா. என் கை கொல்ற கை. நீங்களே ஊத்துங்க."

அளவு மூடியில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஐந்து மில்லிக் கோடு இம்மியும் பிசகாமல் அளந்தேன். பெற்ற பிள்ளையாயிற்றே.