நல்லா இருக்கேன் சார்

தலைமை தாங்கும் நகராட்சித் தலைவர் ஐயா அவர்களே, முழங்கால் வலியோடு வந்திருக்கும் மூத்தவர்களே, வீட்டில் நோயாளியைத் தனியே விட்டுவர வழியின்றி ஆளையே கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் யார் முன்னும் குனிந்து நின்றவள் அல்ல.

என் வீட்டுக்காரர் துணிக்கடை விற்பனையாளராக நரைத்தவர். இன்று மறதி நோய் அவரைத் தின்கிறது. பெற்ற மகளைத் தெரியாது. குளியலறை எதுவென்று தெரியாது. ஆனால் படியேறி ஒருவர் வந்தால் போதும், கை தானாகக் குவியும், வாய் தானாக வரவேற்கும்.

நகராட்சியிடம் உதவிக்கு ஆள் கேட்டோம். அதிகாரி பார்க்க வந்தார்.

"உடம்பு எப்படி இருக்கு ஐயா?"

"நல்லா இருக்கேன் சார். உங்க சட்டை அருமையான துணி. எத்தனை துவைச்சாலும் சாயம் போகாது."

"சமையல் யாரு?"

என்னைக் காட்டினார். "இந்தம்மாதான். புதுசா வேலைக்கு வந்திருக்காங்க. வாய்தான் கொஞ்சம் நீளம், கை சுத்தம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதிகாரியும் அப்படித்தான் சிரித்தார். "ஐயா ஜோரா இருக்காரும்மா, உதவியெல்லாம் வேண்டாம்" என்று எழுந்து போனார்.

பிறகு சமூகப் பணியாளர் ஒருத்தி வந்தாள். அவள் செய்த வித்தை என்ன? உபசாரம் முடிந்தபின்னும் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். பொழுது சாய்ந்தது. கடைக்குப் போகவேண்டும் என்று அவர் கதவை இடித்தார். மறித்த என் மணிக்கட்டை முறுக்கினார். அவள் அதட்டவில்லை. "ஐயா, இந்தப் போர்வையைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். மடித்தார், அடங்கினார். என் பக்கம் திரும்பி, "நீங்க எப்பம்மா தூங்குவீங்க?" என்றாள்.

அதுவரை யார் கேட்டார்கள் அதை? பெற்ற மகள் கேட்டாளா? மருந்தெழுதிய மருத்துவர் கேட்டாரா? சட்டையைப் பாராட்டிக்கொண்டு போனவர் கேட்டாரா?

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லத்தில் இடம் வாங்கித் தந்தவள் அவள். அவரை மிரட்டாமல் பேச என் மகளுக்குக் கற்றுத் தந்தவள் அவள். தலைவர் ஐயா, அவள் வேலையைத்தான் அடுத்த மாதத்தோடு பறிக்கப் போகிறீர்கள். கேட்டால், குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறோம் ஐயா. பார்த்துக்கொண்டே சாகிறோம்.

என்ன, மணி அடிக்கிறீர்களா? கதவை இடிக்கும் சத்தத்தில் பழகிய காது இது. உங்கள் மணி உறைக்காது.

முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில் கைதட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். மேடையேறுமுன் கைகுலுக்கி நலம் கேட்டீர்கள். "நல்லா இருக்கேன் சார்" என்றார். நீங்களும் நம்பி வந்து உட்கார்ந்தீர்கள்.

கூட்டம் முடிந்ததும் காரில் ஏறாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். பொழுது சாயும்வரை உட்காருங்கள். அதற்குப் பிறகும் மனம் வந்தால், அவளை வேலையை விட்டு நீக்குங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேசுவது தன் மனைவி என்று தெரியாமலே எனக்குக் கைதட்டும் அவருக்கும் நன்றி. வணக்கம்.